பழைய லாரியின் நடுக்கமும் எண்ணெய் நஷ்டமும்

விவசாயம் என்பது விளைவித்தலோடு முடிவதன்று. விளைந்ததை உரிய காலத்தில் உரிய இடத்திற் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் விவசாயத்தின் ஒரு பகுதியே. பள்ளிப்பட்டு தாலூகாவில் கரும்பு பயிரிடும் குடியானவர்களுக்கு இது நன்கு தெரிந்த விஷயம். வெட்டிய கரும்பை 24 மணி நேரத்திற்குள் ஆலையில் ஆட்டிவிடுவது நலம். தாமதித்தால் கரும்பு வாடி எடை குறைவதுடன், அதிலுள்ள சர்க்கரைச் சத்தும் சிதைந்துபோகும். ஆகையால் திருவாலங்காட்டிலுள்ள திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குப் பாரம் ஏற்றிச் செல்லும் லாரி நடுவழியில் நின்றுவிட்டால், நஷ்டம் லாரிக்காரரோடு நிற்பதில்லை, நிலத்துக்காரரையும் சேருகிறது.

கிராமங்களில் பாரம் ஏற்ற உபயோகப்படும் லாரிகளிற் பல வயது முதிர்ந்தவை. இவற்றிற் சாதாரணமாகக் காணப்படும் குறைகள் இரண்டு. வண்டி நின்றபடி இருக்க, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் மெதுவான ஓட்டத்தை டிரைவர்கள் ஐடிலிங் என்பர். அவ்வோட்டத்தில் எஞ்சின் சீராக ஓடாமல் நடுங்குவதும் துடிப்பதும் முதற் குறை. முன் ஓடிய தூரத்திற்கு இப்பொழுது அதிக டீஸல் செலவாவது இரண்டாவது குறை. இவை இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. இவற்றைக் கண்டவுடன் டீஸல் பம்பைக் கழற்றுவதும், எஞ்சினைப் பிரிப்பதும் பலரிடத்திலுள்ள வழக்கம். இது தலைகீழான வழக்கமாகும். செலவில்லாத சோதனைகளை முதலிலும், செலவுள்ளவற்றைப் பின்னும், பம்பைக் கடைசியிலும் வைத்து ஒழுங்காகப் பார்த்தால், குறையின் இருப்பிடம் தெளிவாகத் தெரிவதுடன் வீண் செலவும் நீங்கும். அவ்வொழுங்கை விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

ஈண்டுச் சொல்லப்படுவன பழைய முறையிலமைந்த டீஸல் பம்பும் நாசிலும் உள்ள வண்டிகளுக்கே பொருந்தும். இவ்வகை எஞ்சினுள்ள டிராக்டர்களுக்கும் இவை பெரும்பாலும் பொருந்துவனவே. மின்னணுக் கருவியால் எண்ணெய் செலுத்தப்படும் புதிய வண்டிகளில் எண்ணெய்க் குழாயின் அழுத்தம் மிகவும் அதிகம். அவற்றின் குழாய்களைச் சாலையோரத்தில் தளர்த்திப் பார்த்தல் ஒருபோதும் கூடாது.

எஞ்சின் வேலை செய்யும் விதம்

ரூடால்ப் டீஸல் என்னும் ஜெர்மானியர் 1892-ல் காப்புரிமை கோரி, 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றியுடன் ஓட்டிக் காட்டிய எஞ்சினே இன்றைய லாரி எஞ்சின்களின் மூலம். நம் நாட்டில் டாட்டா கம்பெனியார் 1954 முதல் ஜாம்ஷெட்பூரில், டெய்ம்லர் பென்ஸ் கம்பெனியாரின் கூட்டுறவுடன் டீஸல் லாரிகளைச் செய்யலாயினர். எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் என்னும் ஸ்தாபனம் 1955-ல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறி லாரித் தொழிலில் நிலைத்தது. பெங்களூரில் 1951-ல் தொடங்கிய மைக்கோ கம்பெனியின் பம்பும் நாசிலும் பழைய வண்டிகள் பலவற்றில் உள்ளன. டாட்டா வண்டிகளிற் பெயர்பெற்ற 697 என்னும் எஞ்சினின் எண்ணே அதன் அளவைச் சொல்லும்: சிலிண்டர்கள் 6, ஒவ்வொன்றின் விட்டமும் 97 மில்லிமீட்டர்.

இவ்வெஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக்கு கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றை பிஸ்டன் சுமார் பதினேழில் ஒரு பங்காக அமுக்குகிறது. அவ்வமுக்கத்தால் காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுகிறது. அத்தருணத்தில் நாசில் டீஸலை மிக நுண்ணிய பனிபோலத் தூவ, அது தானே பற்றி எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. ஆகவே எஞ்சின் சரியாக ஓடுவதற்குத் தேவையானவை நான்கு: போதிய காற்று, போதிய அமுக்கம், நன்றாகத் தூவப்பட்ட சுத்தமான எண்ணெய், சரியான நேரம். இந்நான்கில் ஏதேனும் ஒன்று குறைந்தால் மேற்சொன்ன குறைகள் தோன்றும்.

நடுக்கம் ஐடிலிங்கில் மட்டும் தோன்றி, வேகமாக ஓடும்போது மறைந்துபோவது ஏன் என்று பலர் ஐயுறுவர். இதைக் கணக்கால் விளக்கலாம். ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிஷத்திற்கு 600 சுற்று வீதம் சும்மா ஓடி, மணிக்கு ஒரு லிட்டர் டீஸல் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எண்ணெய் செல்லும். எனவே மணிக்கு மொத்தம் 1,08,000 முறை நாசில்கள் தூவுகின்றன. ஒரு முறைக்குச் செல்லும் அளவு சுமார் 9 கன மில்லிமீட்டர். அதாவது ஒரு சிறு துளியில் ஐந்தில் ஒரு பங்கு. முழுப் பாரத்தில் ஓடும்போதோ இதுபோல நான்கைந்து மடங்கு செல்லும். ஒரு நாசில் இரண்டு கன மில்லிமீட்டர் குறைத்துக் கொடுத்தால் பெரும் பாரத்தில் அது தெரியாது; ஐடிலிங்கில் அச்சிலிண்டர் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு பலம் இழந்துவிடும். ஆகையால் ஐடிலிங் என்பது எஞ்சினின் நாடி போன்றது. அங்கே தோன்றும் சிறு துடிப்பு பின்னால் வரவிருக்கும் பெருங் கோளாற்றை முன்னறிவிப்பதாகும்.

முதலாவது: அளந்து அறிதல்

எண்ணெய் அதிகம் செலவாகிறது என்று வாயாற் சொல்வது போதாது. எவ்வளவு அதிகம் என்பதை அளந்து அறிதல் வேண்டும். டாங்கியை வாய்மட்டம் நிரப்பி, மீட்டரிலுள்ள கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டியது. மூன்று நான்கு நடை ஓடியபின், அதே பங்கில், வண்டி அதே சமமான இடத்தில் நிற்க, மறுபடியும் வாய்மட்டம் நிரப்பவேண்டும். இரண்டாம் முறை ஊற்றிய லிட்டர்களால் ஓடிய கிலோமீட்டரை வகுத்தால் உண்மைக் கணக்குக் கிடைக்கும். பாரம் எவ்வளவு, எந்த வழி, பாரத்துடன் எத்தனை மணி நேரம் காத்திருந்தது என்பவற்றையும் எழுதி வைத்தல் அவசியம். ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் பொழுதெல்லாம் எஞ்சினை ஓடவிட்டால், மணிக்கு ஒரு லிட்டர் வீதம் ஒரு நாளில் எவ்வளவு போகும் என்பதை எவரும் கணக்கிடலாம். அச்செலவுக்கு எஞ்சின்மேற் பழி சுமத்துவது பொருந்தாது.

எடுத்துக்காட்டாக, போகவர 100 கிலோமீட்டர் நடை என்று கொள்வோம். லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 20 லிட்டர் போதும். அது 4 கிலோமீட்டராகக் குறைந்தால் 25 லிட்டர் வேண்டும். நடைக்கு 5 லிட்டர் வீதம், ஒரு பருவத்தில் 60 நடை என்றால் 300 லிட்டர் வீணாகிறது. இதை அன்றைய டீஸல் விலையாற் பெருக்கிப் பார்த்தால், பழுது பார்க்க எவ்வளவு செலவிடலாம் என்பது தானே விளங்கும்.

இரண்டாவது: குறை எஞ்சினிலா, சக்கரத்திலா?

எண்ணெய்ச் செலவு மிகுந்தும் ஐடிலிங் சீராகவே இருந்தால் முதலில் வண்டியின் கீழ்ப்பகுதியைப் பார்க்கவேண்டும். பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் ஹப்பின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனால், மற்றவற்றைவிட மிகுந்த சூடுள்ள சக்கரத்தில் பிரேக்கு பிடித்தபடி இருக்கிறதென்று அறியலாம். அச்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையாற் சுழற்றினால் தடையின்றிச் சுழலவேண்டும். டயர்களில் காற்றுக் குறைவு, முன்சக்கரங்கள் நேராக அமையாமல் டயர் ஒருபுறம் தேய்தல் ஆகியவையும் எண்ணெயை உண்ணும். ஏற்றத்தில் எஞ்சின் இரைச்சல் ஏறியும் வண்டி வேகம் ஏறாவிட்டால் கிளச்சு வழுக்குகிறது.

அன்றியும், வண்டி இரவு முழுதும் நின்ற இடத்தில் தரையைப் பார்க்கவேண்டும். டாங்கி, குழாய், பம்பு இவற்றின் கீழ் ஈரம் இருந்தால் எண்ணெய் எரியாமலே போகிறது என்பது வெளிப்படை. எஞ்சின் ஆயிலின் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போய், ஆயில் நீர்த்து டீஸல் வாசனை வீசினால், எண்ணெய் உள்ளே ஒழுகி ஆயிலில் கலக்கிறதென்று அறியலாம். இது பேரிங்குகளைக் கெடுத்து எஞ்சினையே அழிக்கவல்லது. அந்நிலையில் வண்டியை ஓட்டலாகாது.

நடுக்கம் என்பதையும் ஆராய்ந்து பார்க்கவேண்டும். சத்தம் சீராக இருந்து உடல் மட்டும் குலுங்கினால், எஞ்சினைத் தாங்கும் ரப்பர்க் கட்டைகள் நைந்திருத்தல் கூடும். சத்தத்தில் இடையிடையே ஒரு வெடி தவறினால்தான், டிரைவர்கள் சொல்வதுபோல் எஞ்சின் மிஸ் அடிக்கிறது.

மூன்றாவது: புகையின் நிறம்

வண்டியின் புகைக்குழாய் எஞ்சினின் உள்நிலையைக் காட்டும் கண்ணாடி. கறுப்புப் புகையானால் எண்ணெய்க்குத் தக்க காற்று இல்லை. காற்று அடைப்பு, நாசில் ஒழுக்கு, அளவுக்கு மிஞ்சிய எண்ணெய், அதிக பாரம் ஆகியவை காரணங்கள். எஞ்சின் சூடேறிய பின்னும் கண்ணைக் கரிக்கும் வெண்புகை வந்தால் எண்ணெய் எரியாமல் ஆவியாகப் போகிறது. அமுக்கக் குறைவு, நேரப் பிசகு, சிலிண்டர் சூடேறாமை ஆகியவை காரணங்கள். வெண்புகையுடன் ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டு வந்தால் நீர் சிலிண்டருக்குட் கசிகிறது. நீலப் புகையானால் எஞ்சின் ஆயில் எரிகிறது; ரிங்கு அல்லது வால்வுத் தண்டின் தேய்மானம் காரணம். விடியற்காலையில் எஞ்சினைக் கிளப்பியவுடன் சிறிது வெண்புகை வந்து மறைவது இயல்பே.

வெயிற்காலத்தில் எஞ்சின் சூடாகிறதென்று தெர்மாஸ்டாட் என்னும் சூடு காக்கும் வால்வைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. சூடு ஏறுவதற்கு உண்மைக் காரணம் ரேடியேட்டர் அடைப்போ, பெல்ட்டின் தளர்ச்சியோ ஆகலாம். தெர்மாஸ்டாட் இல்லாத எஞ்சின் காலையிலும் மழைக்காலத்திலும் சுமார் 80 டிகிரி என்னும் உரிய சூட்டை அடையாமலே ஓடும். அதனால் எண்ணெய் முழுதும் எரியாது; சிலிண்டரும் விரைவில் தேயும். ஆகையால் அது இருக்கிறதா என்று பார்த்து, இல்லையேல் பொருத்திவிடுவது நலம்.

நான்காவது: காற்று

கரும்புத் தோட்டத்துச் சருகும், மண் சாலைப் புழுதியும் காற்று வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். பழைய வண்டிகளிற் பெரும்பாலும் இருப்பது ஆயில் தொட்டியுள்ள ஏர் கிளீனர். அதைக் கழற்றி, அடியிற் படிந்த சேற்றை நீக்கி, கம்பி வலையை டீஸலிற் கழுவி உலர்த்தி, குறியிட்ட மட்டம் வரை புதிய ஆயில் ஊற்றவேண்டும். மட்டத்திற்குக் குறைந்தால் புழுதி உட்செல்லும். மிகுந்தால் ஆயிலே உட்செல்லும். புழுதியுள்ள காலத்தில் வாரம் ஒருமுறை பார்ப்பது தகும். காகித வடிகட்டி உள்ள வண்டிகளில் அதைக் கழுவலாகாது, மாற்றவேண்டும். ஏர் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருந்தால் வடிகட்டாத புழுதி நேரே சிலிண்டருக்குள் போய், சில மாதங்களிலேயே ரிங்குகளைத் தேய்த்துவிடும். சைலன்ஸர் நசுங்கியிருந்தாலும், உள்ளே கரி அடைத்திருந்தாலும் எரிந்த புகை வெளியேறாமல் புதுக் காற்று உட்செல்ல இடமின்றிப் போகும்.

ஐந்தாவது: எண்ணெயும் அதன் வழியும்

டாங்கியின் அடித் திருகைச் சிறிது திறந்து, முதலில் வருவதை ஒரு கண்ணாடிப் புட்டியிற் பிடித்து அரைமணி நேரம் வைத்தால், நீர் இருந்தால் அடியில் தெளிந்து நிற்கும். பாதி நிரம்பிய டாங்கியில் இரவுக் குளிரால் நீர்த்துளி படிவதுண்டு; மாலையில் டாங்கியை நிரப்பி வைப்பது இதற்கு மாற்று. பீப்பாயில் டீஸல் சேமிப்பவர்கள், பீப்பாயைச் சாய்த்து வைத்து, அடியிலுள்ளதைக் கலக்காமல் மேலிருந்து எடுக்க வேண்டியது. மண்ணெண்ணெய் கலந்த டீஸல் மலிவென்று வாங்குவோர் பின்னால் வருந்துவர். டீஸலே பம்பின் உறுப்புக்களுக்கு வழவழப்பூட்டும் ஆயிலாகவும் இருக்கிறது. மண்ணெண்ணெய்க்கு அத்தன்மை குறைவாதலால் பம்பும் நாசிலும் தேய்ந்துபோகும்.

எண்ணெய் வடிகட்டிகளை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் ஏற்றத்தில் இழுவை குறையும். டாங்கிக்கும் சிறு பம்புக்கும் இடையேயுள்ள குழாய் இணைப்புக்கள் தளர்ந்திருந்தால் எண்ணெய் வெளியே கசிவதில்லை, காற்று உட்புகுகிறது. அப்பொழுது ஐடிலிங்கில் எஞ்சின் ஓட்டம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். சில சமயம் அணைந்துவிடும். வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்தால், குமிழியின்றி எண்ணெய் வரவேண்டும். குமிழி ஓயாமல் வந்தால் இணைப்புக்களையும் வாஷர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தல் வேண்டும். சில ரூபாய் பெறும் செம்பு வாஷர் ஒன்றே குறையின் முழுக் காரணமாதலும் உண்டு.

ஆறாவது: டேப்பட் இடைவெளி

வால்வு முற்றும் மூடினாலன்றிக் காற்று அமுக்கப்படாது. வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் இடையே சிறிது இடைவெளி விடப்பட்டிருக்கும். இடைவெளி குறைந்தால் வால்வு முழுதும் மூடாமல் அமுக்கம் கசியும், ஐடிலிங் நடுங்கும், நாளடைவில் வால்வின் விளிம்பும் எரிந்துபோகும். இடைவெளி மிகுந்தால் தட்டுஞ் சத்தம் கேட்பதுடன் வால்வு போதிய அளவு திறவாது. இவ்வளவு வண்டிக்கு வண்டி வேறுபடும். காற்று உட்செல்லும் வால்வுக்கு ஓர் அளவும், புகை வெளிச்செல்லும் வால்வுக்கு அதனினும் மிகுந்த ஓர் அளவும் இருப்பதும் உண்டு. கம்பெனிக் கைப்புத்தகத்திற் கண்ட அளவையே, எஞ்சின் குளிர்ந்திருக்கவேண்டுமா சூடாயிருக்கவேண்டுமா என்பதையும் அறிந்து, பீலர் கேஜ் தகட்டால் வைக்கவேண்டும். காதாற் கேட்டு வைப்பது நம்பத்தக்கதன்று.

ஏழாவது: எந்தச் சிலிண்டர்?

மேற்சொன்னவை யாவும் சரியாக இருந்தும் எஞ்சின் மிஸ் அடித்தால், எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய இரண்டொரு நிமிஷத்தில், புகை வெளிவரும் மேனிபோல்டின் ஒவ்வொரு கிளையிலும் ஒரு துளி நீர் விட்டுப் பார்க்கலாம். மற்றவற்றில் உடனே காய்ந்து, ஒன்றில் மட்டும் தாமதமாகக் காய்ந்தால் அச்சிலிண்டரே குற்றமுள்ளது.

இதைவிட நிச்சயமான சோதனை, எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது, ஒவ்வொரு நாசிலுக்கும் செல்லும் குழாயின் நட்டை அரைத் திருகு தளர்த்தி, மறுபடி இறுக்குவதாகும். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் எஞ்சின் ஓட்டம் உடனே தாழும். குற்றமுள்ள சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் யாதொரு மாறுதலும் தோன்றாது. இதைப் பழகிய மெக்கானிக்கே செய்யவேண்டும். நட்டின்மேல் கனத்த துணியைச் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து செய்தல் வேண்டும். அழுத்தத்துடன் பீறிடும் டீஸல் ஊசிபோலத் தோலைத் துளைத்து உட்செல்ல வல்லது. அக்காயம் வெளியில் சிறு புள்ளியாகவே தோன்றினும், உள்ளே சதையை அழுகச்செய்து கையையே இழக்கும்படி ஆக்கும். அவ்வாறு நேர்ந்தால் வலி இல்லையென்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

குற்றமுள்ள சிலிண்டர் தெரிந்தபின், அதன் நாசிலையும் நல்ல சிலிண்டர் ஒன்றின் நாசிலையும் மாற்றிப் பொருத்திப் பார்க்கவேண்டும். குறையும் நாசிலோடு கூடவே சென்றால் நாசிலே குற்றமுள்ளது. குறை பழைய இடத்திலேயே நின்றால் அமுக்கத்திலோ, பம்பில் அச்சிலிண்டருக்குரிய உறுப்பிலோ குற்றம் இருக்கிறது. செலவின்றித் தீர்ப்புச் சொல்லும் சோதனை இதைவிட வேறில்லை. நாசிலைப் பொருத்தும்போதெல்லாம் அடியிற் புதிய செம்பு வாஷர் வைத்தல் அவசியம்.

கழற்றிய நாசில்களைப் பட்டறையிலுள்ள சோதனைப் பம்பில் வைத்து, கைப்புத்தகத்திற் கண்ட அழுத்தத்தில் திறக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். பழைய லாரி எஞ்சின்கள் பலவற்றில் இது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோகிராம். பனிபோலத் தூவாமல் நூலாகப் பீறினாலும், தூவியபின் நுனியில் துளி நின்றாலும் அந்நாசில் உதவாது. சிந்திய துளி எரியாமல் கரியாகிக் கறுப்புப் புகையாகப் போவதே எண்ணெய் நஷ்டத்திற்குப் பெரியதொரு காரணம்.

எட்டாவது: அமுக்கம்

நாசில் நல்லதாயிருந்தும் குறை நீங்காத சிலிண்டரில் அமுக்கத்தை மீட்டர் வைத்து அளக்கவேண்டும். குறிப்பிட்ட எண்ணைவிட, சிலிண்டர்கள் தம்முள் ஒத்திருக்கின்றனவா என்பதே முக்கியம். குறைந்த சிலிண்டருக்குள், வால்வு இரண்டும் மூடிய நிலையில், வெளியிலிருந்து காற்றைச் செலுத்திக் காது கொடுத்துக் கேட்டால் கசியும் வழி தெரியும். ஏர் கிளீனர்ப் பக்கம் சீறினால் உட்செல்லும் வால்விலும், சைலன்ஸர்ப் பக்கம் சீறினால் வெளிச்செல்லும் வால்விலும், ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங்கிலும், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் காஸ்கட்டிலும் குற்றம் இருக்கிறது. எஞ்சினைப் பிரிக்கும் செலவுக்கு உடன்படுமுன் இச்சோதனையின் முடிவைக் கேட்டறிவது சொந்தக்காரரின் உரிமை.

ஒன்பதாவது: நேரமும் பம்பும்

இவ்வெட்டுப் படிகளையும் கடந்தபின்னரே பம்பின்மேற் கை வைக்கவேண்டும். பம்பை எப்போதேனும் கழற்றி மாட்டியதற்குப் பின் குறை தோன்றியிருந்தால், எண்ணெய் செலுத்தும் நேரம் பிசகியிருத்தல் கூடும். நேரம் பிந்தினால் இழுவை குறைந்து புகை மிகும். முந்தினால் எஞ்சின் இரும்பை அடிப்பது போலத் தட்டும். நேரக் குறிகளை ஒத்துப் பார்ப்பது அரைமணி வேலையே. சில பழைய பம்புகளின் கவர்னரில் மெல்லிய திரை ஒன்று உண்டு; அது கிழிந்தாலும் ஐடிலிங் ஏறி இறங்கும். பம்பின் உறுப்புக்கள் தேய்ந்திருந்தால், அதைச் சோதனை மேடையில் ஏற்றி ஒவ்வொரு வழியும் சம அளவு கொடுக்கும்படி சரிசெய்யத்தக்க பட்டறைக்கே அனுப்பவேண்டும்.

இழுவை போதவில்லையென்று, பம்பின் முத்திரையை உடைத்து, அதிகபட்ச எண்ணெய்த் திருகைத் திருகிவிடுவது மிகவும் தீய வழக்கம். காற்றுக் குறைவினால் வந்த நோய்க்கு எண்ணெயை மிகுதியாக்குவது, செரியாத வயிற்றுக்கு மேலும் சோறிடுவதை ஒக்கும். சிலநாள் இழுவை கூடியதுபோலத் தோன்றி, பிறகு பிஸ்டனும் ஹெட்டும் சூட்டால் வெடிக்கும். கறும்புகை கக்கும் வண்டிக்குப் புகைச் சான்று கிடைப்பதும் அரிது.

ஆற்றைக் கடக்கும் காலம்

பள்ளிப்பட்டுப் பகுதியில் தனியே கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. ஆந்திர எல்லைக்கு அப்பாலுள்ள கிருஷ்ணாபுரம் நீர்த்தேக்கத்திலிருந்து உபரி நீர் விடப்படும்போது கொசஸ்தலையாற்றில் வெள்ளம் வந்து தரைப்பாலங்கள் மூழ்குவதுண்டு. அப்போது ஓட்டிச் செல்லலாமென்று துணிவது உயிருக்கே ஆபத்து. எஞ்சின் காற்றிழுக்கும் வாயில் நீர் புகுந்தால், நீர் அமுங்காதாகையால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதன்பின் அச்சிலிண்டரின் அமுக்கம் என்றும் குறைவாகவே இருக்கும். நீரில் நின்றுபோன வண்டியைச் செல்ப் அடித்துக் கிளப்ப முயலாமல், இழுத்து வந்து நாசில்களைக் கழற்றி நீரை வெளியேற்றுவதே முறை. நீர் வடிந்தபின் கடந்த வண்டியிலும் பிரேக்கு, ஹப், கியர்ப்பெட்டி ஆயில் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்கவை

ஊராட்சிக்கோ கூட்டுறவுச் சங்கத்திற்கோ சொந்தமான டிராக்டரும் வண்டியும் உள்ள இடங்களில், ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் இருத்தல் வேண்டும். தேதி, மீட்டர் எண், ஊற்றிய லிட்டர், ஊற்றிய ஆயில், வடிகட்டி மாற்றிய நாள் ஆகிய ஐந்து பத்திகள் போதும். மாதக் கடைசியில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு வரி எழுதினால், குறை தோன்றிய மாதமும் அதற்கு முன் செய்த வேலையும் கண்முன் நிற்கும். டிரைவர்மேல் வீண் சந்தேகம் ஏற்படாமலிருக்கவும் இதுவே வழி. பங்கில் அளவு குறைகிறதென்று ஐயமுண்டானால், அங்கே வைக்கப்பட்டிருக்கும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவில் பிடித்துக் காட்டும்படி எவரும் கேட்கலாம்.

சுருக்கம்

முதலில் அளக்க வேண்டியது. அடுத்துச் சக்கரமும் ஒழுக்கும். பிறகு புகையின் நிறம், தெர்மாஸ்டாட், காற்று, எண்ணெய் வழி, டேப்பட், நாசில், அமுக்கம். யாவற்றிற்கும் கடைசியில் பம்பு. ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றி, மாற்றியபின் மறுபடியும் ஓட்டி அளந்து பார்க்கவேண்டும். இரண்டு மூன்றை ஒன்றாக மாற்றினால், எதனால் குணமாயிற்று என்பது தெரியாமற் போகும். அடுத்த முறையும் அத்தனையும் மாற்ற நேரிடும். இவ்வொழுங்கில் முதல் ஐந்து படிகளுக்குத் தேவையானவை ஸ்பானர், ஜாக்கி, கண்ணாடிப் புட்டி, சிறிது டீஸல், ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவையே. அரவைப் பருவம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னதாகவே இச்சோதனைகளைச் செய்து முடிக்கும் குடியானவர், வெட்டிய கரும்பு வயலில் வாடும் நாளன்று மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டியிராது.